அறிவியல் அரங்கு: நிறமூர்த்த நுனியில் எழுதுவதும் அழிப்பதும்

பனையோலைப் பாய் இழைக்கும் எமது தாய்மார் அதன் ஓரத்தை மடித்து முடிக்காமல் விடுவதில்லை. விட்டால் பாய் பிரிந்துபோகும். எமது உடற் கலங்களினுள்ளும் இத்தகைய ஓரக்காப்பு உண்டு. மனிதக் கலமொன்றில் 46 நிறமூர்த்தங்கள். அவற்றுக்கு 92 நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் ரி-ரி-ஏ-ஜி-ஜி-ஜி என்னும் ஆறு எழுத்துக்கள் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. இதுவே ரெலோமியர் எனப்படும் முனைக்கூறு.

கலம் பிரியுந்தோறும் இம்முனைக்கூறு சிறிது தேய்கிறது. மிகவும் தேய்ந்ததும் கலம் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. முதுமைக்கு இது ஒரு காரணம். கட்டற்றுப் பெருக முனையும் கலத்துக்கு இடப்பட்ட தடையும் இதுவே. இந்த இரண்டாவது பயனை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

முனைக்கூறு செய்தி எதுவுமற்ற வெறும் காப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எமது மக்கள் பலர் குடியேறியுள்ள சுவிற்சர்லாந்தில், லோசான் நகரின் அருகே ஆய்வு செய்த கிளாடியோ அசலின், யோக்கிம் லிங்னர் முதலியோர் 2007ஆம் ஆண்டில் இக்கருத்தை மாற்றினர். மனித நிறமூர்த்தங்களின் நுனிகளிலிருந்தும் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்று அவர்கள் காட்டினர். அதற்கு 'ரெறா' என்று பெயரிட்டனர். டி.என்.ஏ. மூல ஏடு எனில், ஆர்.என்.ஏ. தேவைக்கேற்ப அதிலிருந்து எழுதப்படும் நகல். நகல்களுட் பல புரதம் ஆக்கப் பயன்படுகின்றன. ரெறாவோ பெரும்பாலும் தான் பிறந்த நுனியின் அருகிலேயே தங்கி, டி.என்.ஏ. இழையொன்றுடன் பின்னிக்கொள்ளவும் வல்லது.

இப்பின்னல் அளவோடு இருந்தால் நன்மை, மிகுந்தால் கேடு. டி.என்.ஏ. இரட்டிக்கும் வேளையில் அது வழியை மறித்து நுனியை முறியச் செய்யலாம். எனவே கலம் பல காவல்களை வைத்திருக்கிறது.

முதற் காவல் எழுதத் தொடங்கும் இடத்தில் உள்ளது. முனைக்கூற்றுக்கு அண்மையிலுள்ள டி.என்.ஏ. மீது மீதைல் என்னும் சிறு இரசாயனக் குறிகள் பதிக்கப்பட்டு, எழுத்து அடக்கப்படுகிறது. இரண்டாவது காவல் அகற்றுதல். பிழையான நகல்களைக் கண்காணிக்கும் புரதங்கள் சில, ரெறாவை நுனியிலிருந்து பெயர்த்து விடுகின்றன. மூன்றாவது அழித்தல். மதுவத்தில் 'ரற்1' என்னும் நொதியம் ரெறாவைச் சிதைப்பது 2008இல் அறியப்பட்டது. டி.என்.ஏ.யுடன் பின்னிய ஆர்.என்.ஏ.யை மட்டும் வெட்டும் நொதியங்களும் உண்டு. நான்காவது காலம் பார்த்தல். மனிதக் கலம் பிரிவதற்கு ஆயத்தமாகி டி.என்.ஏ.யை இரட்டிக்கும்போது ரெறாவின் அளவு குறைகிறது.

இக்காவல் எப்போதும் ஒரே இறுக்கமாக இருப்பதில்லை. மதுவத்தில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. முனைக்கூறு நன்கு நீண்டிருக்கையில் அழிக்கும் நொதியங்கள் அங்கு உரிய வேளையில் வந்து சேர்கின்றன. அது மிகக் குறுகியதும் அவற்றின் வரவு குறைய, பின்னல் நிலைக்கிறது. அதுவே 'இங்கு பழுது' என்ற அறிவித்தலாகி, நுனியைத் திருத்தும் வேலையைத் தொடக்குகிறது.

காவல் தளர்ந்தால் நேர்வது என்ன? ஐ.சி.எஃப். என்னும் அரிய பரம்பரை நோயின் முதலாம் வகையில், மீதைற் குறிகளைப் பதிக்கும் நொதியமொன்று பழுதடைந்திருக்கும். அந்நோயாளரின் கலங்களில் ரெறா பெருகியும் முனைக்கூறுகள் மிகக் குறுகியும் காணப்படுகின்றன. அக்குழந்தைகள் நோயெதிர்ப்புக் குன்றி, அடிக்கடி தொற்றுக்களுக்கு ஆளாகின்றனர். மறுபுறம், நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரையான புற்றுநோய்கள், ரெலோமரேசு என்ற நொதியத்தின் உதவியின்றி வேறு வழியால் நுனிகளை நீட்டிக்கொள்கின்றன. இவற்றில் ரெறா மிகுந்து காணப்படுகிறது. ஏனைய புற்றுநோய்களிற் பெரும்பாலானவை அந்த நொதியத்தையே விழித்தெழச் செய்கின்றன.

இதை நாம் இங்கு எழுதுவதற்குக் காரணமுண்டு. 'ரெலோமியரை நீட்டி இளமையை மீட்கும்' என்ற விளம்பரத்தோடு குளிசைகள் விற்கப்படுகின்றன. நுனி நீள்வது எல்லாக் கலத்துக்கும் நன்மையன்று. புற்றுநோய்க் கலம் தேடுவதும் அதையே. எவ்வளவு எழுதுவது, எப்போது அழிப்பது என்று கலம் இத்தனை காவல் வைத்துக் காக்கும் அளவை, கடையில் வாங்கும் குளிசை அறியாது. இரவு பகலாய் உழைத்துச் சேர்த்த பணத்தை அதிற் போடுமுன் உங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.