தொடர்ந்து வந்த மர்மம், தொலைந்து போன படம்



'தொடரும்' என்ற ஒரு சொல் எத்தனை பேரை ஒரு கிழமை முழுவதும் காக்க வைத்திருக்கிறது! ஊரில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகக் கடை வாசலில் நின்றவர்களுக்கு இது நன்றாக விளங்கும். இந்த வித்தையைச் சினிமாக்காரர்கள் பேசாத படக் காலத்திலேயே கற்றுக்கொண்டு விட்டார்கள். அப்படிப் பெரும் புகழ் பெற்று, பின்னர் மறைந்தே போன ஒரு குற்ற மர்மத் தொடர்படத்தை இம்முறை பார்ப்போம்.

படத்தின் பெயர் 'த மில்லியன் டொலர் மிஸ்ரறி', அதாவது பத்து இலட்சம் டொலர் மர்மம். நியூயோர்க்கிற்கு அண்மையில் உள்ள நியூ றொஷெல் என்ற ஊரில் இயங்கிய தன்ஹவுசர் கம்பனி 1914 இல் இதைத் தயாரித்தது. மொத்தம் 23 பாகங்கள்.

ஒரு செல்வந்தரைச் சதிக் கூட்டமொன்று துரத்துகிறது. அவர் பலூனில் ஏறித் தப்புகிறார். அவரோடு பத்து இலட்சம் டொலரும் மாயமாகிறது. அவருடைய மகளும் ஒரு பத்திரிகை நிருபரும் அந்தக் கூட்டத்தோடு மோதுகிறார்கள். மகளாக நடித்தவர் புளோரன்ஸ் லபாடி. நிருபராக வந்த ஜேம்ஸ் குரூஸ் பின்னாளில் பெயர்பெற்ற இயக்குநரானார்.

படம் கொட்டகையில் ஓட, அதே கதை ஹரோல்ட் மக்கிராத் எழுத்தில் பத்திரிகையிலும் வந்தது. முடிவை மட்டும் கம்பனி சொல்லவில்லை. சிறந்த முடிவை எழுதி அனுப்புபவருக்கு 10,000 டொலர் பரிசு என்று அறிவித்தது. சென்ற் லூயிஸ் நகரத்துப் பெண் ஒருவர் அதை வென்றார். கடைசிப் பாகம் 1915 இல் வெளிவந்தது.

இத்தனை பேர் பார்த்த படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடைக்கவில்லை. மக்கிராத்தின் கதை நூலாக வந்ததால் கதை தப்பியது. படம் தப்பவில்லை.

ஏன்? அக்காலப் படச்சுருள் 'நைத்திரேற்று' என்ற பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும். வைத்த இடத்திலேயே பிசுபிசுத்துத் தூளாகிப் போகும். பேசும் படம் வந்ததும் பழைய சுருள்களுக்கு மதிப்பில்லை என்று எண்ணி, அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க அழித்தவர்களும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் முழுநீள மௌனப் படங்களில் 70 வீதம் முற்றாகத் தொலைந்துவிட்டன. எம்மவர் கதையும் வேறல்ல. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். அதற்கும் பிரதி இல்லை.

ஆனால் எதிர்பாராத இடத்தில் தப்பியவையும் உண்டு. கனடாவின் வடக்கே யூக்கொன் பிரதேசத்தில் டோசன் என்றொரு சிறிய நகரம். படங்கள் சுற்றிச் சுற்றி வந்து கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. திருப்பி அனுப்பும் செலவை ஏற்கக் கம்பனிகள் விரும்பாததால் சுருள்கள் அங்கேயே தேங்கின. 1929 இல் ஒரு பழைய நீச்சல் தடாகத்தை நிரவுவதற்கு அவற்றைக் கொட்டி மூடிவிட்டார்கள். 1978 இல் கட்டட வேலைக்கு நிலத்தைத் தோண்டியபோது, உறைந்த மண்ணுக்குள் இருந்து 500க்கும் மேற்பட்ட சுருள்கள் வெளியே வந்தன. வேறெங்கும் இல்லாத படங்கள் அவற்றில் இருந்தன. எடுத்த ஊரில் அழிந்தது, கைவிடப்பட்ட தூர ஊரில் தப்பியது!

இதை நாம் நமக்கும் பொருத்திப் பார்க்கலாம். அக்காவின் கலியாணம், ஊர்க் கோயில் தேர், அம்மம்மாவின் குரல் என்று ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஒரு கசற்றாவது இருக்கும். 'ஊரில் அண்ணா வீட்டில் ஒன்று இருக்கும்தானே' என்று நாம் நினைப்போம். அங்கே அவர்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த பொருட்களில் அதுவும் ஒன்றாயிருக்கலாம். உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். கசற் நாடாவும் காலத்தால் கெடும் பொருள்தான். அது ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினிக்கு மாற்றி, இரண்டு பிரதியை இரண்டு வீடுகளில் வையுங்கள். அதிலுள்ளவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை, அவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். முகம் தெரிந்தும் பெயர் தெரியாவிட்டால், பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு மர்மப் படமாகிவிடும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.