ஜேசிபி வருவதற்கு முன்

ஜனவரியில் எம்ப்ரஸ் தோட்டத்தில் நடக்கும் மலர்க் கண்காட்சி புனேயின் நல்ல வழக்கங்களில் ஒன்று. போன்சாய் வரிசையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலருக்குத் தாமும் ஒன்று வளர்க்க வேண்டும் என்று ஆசை பிறக்கிறது. என் எரிச்சல் அதற்குப் பிறகு நடப்பதில். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இச்சிக் கன்றைத் தட்டையான தொட்டியில் வைத்துப் போன்சாய் என்று விற்கிறார்கள், புதியவர்களும் நம்பி வாங்குகிறார்கள். வேர் தாராளமாக ஓடி, மேலே கிளை தடையின்றி வளர்ந்தால்தான் அடிமரம் பருக்கும். தட்டில் அடைத்த நாளோடு அது ஏறக்குறைய நின்றுவிடும். கிளையை மூன்று நான்கு வருஷத்தில் உண்டாக்கிவிடலாம். பருத்த அடிமரத்தைத் தட்டில் உண்டாக்க முடியாது.

அந்த அடிமரம் இந்த ஊரில் வாரந்தோறும் குப்பைக்குப் போகிறது.  பிரபாத் சாலை, டெக்கான் பகுதிப் பழைய பங்களாக்கள் மறுகட்டுமானத்துக்காக இடிபடும்போது மதிலோரம் பல பத்தாண்டுகளாக வெட்டி வெட்டி வளர்த்த காகிதப்பூவும் இட்லிப்பூவும் காமினி என்ற சிறுபூப் புதரும் கட்டட இடிபாடுகளோடு லாரியில் ஏறுகின்றன. மரத்தை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும். 1975-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. புதரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கைத்தடிமன் அடியும் முண்டும் முடிச்சுமாக, போன்சாய்க்காரர்கள் தேடி அலைகிற எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

பழைய புதரைப் பெயர்த்தால் செத்துவிடும் என்பார்கள். அவசரப்பட்டால் சாகும். குளிர் தணியும் பிப்ரவரி கடைசி புனேக்கு ஏற்ற சமயம். மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். காகிதப்பூவின் வேர் எளிதில் முறியும், மண்ணும் உதிர்ந்துவிடும்; ஆகவே அகலமாகத் தோண்டி, மேலே அடிமரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிட வேண்டும். இந்த ஊர்க் கரிசல் மண் தொட்டிக்கு ஆகாது, நனைந்தால் களியாகி வேரை அழுகவைக்கும். உடைத்த செங்கல் ஜல்லி, பருமணல், கொஞ்சம் மக்கிய உரம் போதும்; ஜப்பானிலிருந்து வரும் விலையுயர்ந்த மண் தேவையில்லை. முதலில் பெரிய தொட்டி, அரை நிழல். ஒரு வருஷமாவது அதில் தேறிய பிறகுதான் தட்டு. காகிதப்பூவின் முற்றிய கிளை வளைக்கப்போனால் ஒடிந்துவிடும், இளந்தளிர் சற்றே தேறியதும் அலுமினியக் கம்பி சுற்ற வேண்டும். பட்டையில் கம்பி பதிவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். தட்டில் வளரும்போது இலை சிறுக்கும், பூ சிறுக்காது. அதனால் சிறு பூவுள்ள காமினி சின்ன உருவத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

மரத்தைக் குறுக்கி வைப்பது கொடுமை என்பது இன்னொரு வாதம்.  கொடுமை என்பது உயிரின் நலம் கெடுவதானால், சான்று வேறு பக்கம் இருக்கிறது. 1625-இலிருந்து தொட்டியில் வளர்ந்த ஓர் ஐந்தூசிப் பைன் மரம், 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் பிழைத்தது. அதை வளர்த்துவந்த யமாகி குடும்பம் 1976-இல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது, இன்றும் வாஷிங்டனில் உயிரோடிருக்கிறது. வேரைக் கழித்துப் புது மண் மாற்றுவது செடியை வாடவைப்பதற்கல்ல, புது வேர் விடவைப்பதற்கு. தண்ணீர் ஊற்ற மறப்பதுதான் கொடுமை, அதை எந்தத் தொட்டிச் செடிக்கும் செய்யலாம். சஹ்யாத்ரி மலையில் புகுந்து பழைய செடிகளைப் பெயர்த்து வருவதையும் நான் ஏற்கவில்லை. காட்டில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. இடிக்கப்போகும் மதிலோரத்துக் காமினிக்கு வேறு போக்கிடம் இல்லை.

உங்கள் தெருவில் ஒரு பங்களாவைச் சுற்றித் தகரம் அடிக்கத் தொடங்கினால், ஜேசிபி உள்ளே போவதற்குள் உரிமையாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் மதிலோரப் புதரைக் கேட்டு வாங்குங்கள்.