ரிப்பன் மாளிகையில் காலி நாற்காலிகள்

சென்னைப் பட்டணத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு பொருள்கள் தவறாமல் பெருகும். ஒன்று தெருவில் தண்ணீர். மற்றொன்று கார்ப்பரேஷனுக்கு விழும் வசவு. முன்னது நாலைந்து நாளில் எப்படியாவது வடிந்து விடுகிறது. பின்னது வடிவதே இல்லை. மழை ஓய்ந்தால் கொசுவைப் பற்றியும், கொசு ஓய்ந்தால் (அப்படியும் ஒரு காலம் உண்டா என்று நேயர்கள் கேட்கக் கூடாது) தெரு நாய்களைப் பற்றியும் அது வற்றாத ஜீவநதியாக ஓடிக் கொண்டிருக்கிறது.

வசவு கூடாது என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. வரி கொடுப்பவனுக்கு வைவதற்குப் பாத்தியதை உண்டு. ஆனால் வைவதையும் ஆள் அறிந்து வைதால் பலன் கிட்டும் அல்லவா? 'கார்ப்பரேஷன்' என்பது யார்? மேயரா, கமிஷனரா, நம் வார்டுக் கவுன்ஸிலரா, அல்லது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில் வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்த ரிப்பன் மாளிகையேதானா?

இதற்கு விடை காணக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது. சென்னை நகர சபை 1688-ம் வருஷம் பிறந்தது. பிரிட்டனுக்கு வெளியே காமன்வெல்த் தேசங்களில் உள்ள கார்ப்பரேஷன்களில் இதுவே மிகப் பழையது என்று நாம் மார் தட்டிக் கொள்வது வழக்கம். எதற்காகப் பிறந்தது என்பதை மட்டும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டணத்தைப் பராமரிக்கப் பணம் தேவைப்பட்டது. கம்பெனி வரி கேட்டால் ஜனங்கள் முறைத்தார்கள். கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான ஸர் ஜோஸையா சைல்டு லண்டனில் உட்கார்ந்து கொண்டு ஒரு கணக்குப் போட்டார். கம்பெனி கேட்டால் காலணாக் கொடுக்க மறுப்பவர்கள், தங்களுடைய சபையே கேட்டால் முழு ரூபாயாகக் கொடுத்து விடுவார்கள் என்பது அவர் கணக்கு. அதன்படி ஒரு மேயர், 12 ஆல்டர்மென்கள், 60 பர்ஜஸ்கள் என்று சபை அமர்க்களமாக அமைந்தது. நதானியல் ஹிக்கின்ஸன் என்பவர் முதல் மேயரானார். சைல்டு துரையின் கணக்கில் பணத்தாசை இருந்தது உண்மைதான். ஆயினும் அதற்குள்ளே ஓர் அரிய உண்மையும் ஒளிந்திருந்தது. தன்னுடையது என்று ஜனங்கள் நினைக்கிற சபைக்குத்தான் பலம் உண்டு.

இரண்டு நூற்றாண்டு கழித்து, 1882-ல், வைஸ்ராய் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். ஊர்க் காரியங்களை ஊர் ஜனங்களின் பிரதிநிதிகளே பார்த்துக் கொள்ளட்டும் என்பது அதன் சாரம். அந்த நன்றியை நினைத்தே, 1913-ல் திறக்கப்பட்ட நகர சபை மாளிகைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்று கார்ப்பரேஷனுக்குப் புகார் சொல்ல வேண்டிய டெலிபோன் நம்பரும் 1913-தான்! மாளிகை திறந்த வருஷத்தையும் முறையிடும் நம்பரையும் யாராவது யோசித்துப் பொருத்தினார்களோ, தானாகவே பொருந்திற்றோ, பொருத்தம் என்னவோ பேஷாக இருக்கிறது.

அந்தச் சபையில் எப்பொழுதும் வெறும் பேச்சுத்தான் நடந்தது என்று நினைத்தால் அநியாயம். 1920-ல் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கிலிருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு கொடுப்பதென்று சபை தீர்மானித்தது. பின்னால் ராஜ்யம் முழுவதும் பரவிய பெரிய காரியத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது. 1939-ல் தீரர் சத்தியமூர்த்தி மேயரானார். அந்த நாளில் மேயர் பதவி ஒரே ஒரு வருஷத்துக்குத்தான். மாலை மரியாதைகளை ஏற்றுக் கொள்வதற்கே அந்த ஒரு வருஷம் போதாது. அவரோ பட்டணத்தின் தாகத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தைப் பிடித்துக் கொண்டு, யுத்த காலத்து நெருக்கடியிலும் விடாமல் மன்றாடி, 1940-ல் வேலையைத் தொடங்கச் செய்தார். 1944-ல் நீர்த்தேக்கம் முடிந்தது. அதைக் காண அவர் இல்லை; 1943-லேயே காலமாகி விட்டார். பூண்டித் தண்ணீரை இன்றும் நாம் குடிக்கிறோம்.

இனி, கதையின் சோகமான பாகம். 1973-ல் மஸ்டர் ரோல் விவகாரம் என்று ஒன்று கிளம்பிற்று. வேலைக்கு வராத கூலியாட்களின் பெயரில் கூலி எழுதப்பட்டது என்பது புகார். ராஜ்ய சர்க்கார் கவுன்ஸிலைக் கலைத்தார்கள். தப்பு நடந்திருந்தால் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வராத கூலியாட்களுக்காகக் கலைக்கப்பட்ட கவுன்ஸில், தானே 23 வருஷம் வேலைக்கு வரவில்லை! 1996 வரையில் தேர்தலே கிடையாது. ஸ்தல சுயாட்சியின் தந்தை என்று பெயர் பெற்றவரின் மாளிகையில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர் ஒருவர்கூட இல்லாமல் தனி அதிகாரிகள் ஆட்சி நடந்தது.

அயோத்தியிலும் 14 வருஷம் அரசன் இல்லாமல் இருந்ததுண்டு. அங்கே சிம்மாசனத்தின் மேல் பாதுகையாவது இருந்தது. நாட்டு ஜனங்கள் அழுதார்கள். என்றைக்குத் திரும்புவார் என்று நாளை எண்ணினார்கள். சென்னையில் யார் அழுதார்கள்? யார் நாளை எண்ணினார்கள்? கவுன்ஸில் இருந்தாலும் கொசு கடிக்கிறது, இல்லாவிட்டாலும் கடிக்கிறது என்று வேதாந்தம் பேசிக் கொண்டு பேசாமல் இருந்து விட்டோம்.

எஜமானன் இல்லாத வீட்டில் பண்டம் பாத்திரம் இடம் மாறுவது உலக வழக்கம். 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் கார்ப்பரேஷனிடமிருந்து பிரிக்கப்பட்டு, தனியாக ஏற்பட்ட குடிநீர் வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அது நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். விவாதிப்பதற்குச் சபையில் ஆள் இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அதனாலே, குழாயில் காற்று வரும்போது கவுன்ஸிலரைத் திட்டுகிற நேயர்கள் பாதித் திட்டை வாரியத்துக்கென்று ஒதுக்கி வைப்பது நியாயம். கார்ப்பரேஷனிலேயே கூட, காரியங்களை நிறைவேற்றும் அதிகாரம் சர்க்கார் நியமிக்கும் கமிஷனரிடந்தான் பெரும்பாலும் இருக்கிறது. மேயரை 'வணக்கத்துக்குரிய மேயர்' என்று அழைப்பது பழைய சம்பிரதாயம். வணக்கம் மேயருக்கு, கையெழுத்து கமிஷனருக்கு, வசவு கவுன்ஸிலருக்கு என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள்!

நகர சபைகளை இப்படிக் காலியாகப் போட்டு வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் அமுலுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் கட்டாயம் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அதன் கட்டளை. இனிமேல் பயமில்லை என்று எல்லோரும் நினைத்தோம். 2016 அக்டோபரில் கவுன்ஸிலின் காலம் முடிந்தது. வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, கோர்ட்டு வழக்கு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையிலே வர்தா புயல் வந்தது; 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது; 2020-ல் கொரோனா வந்தது. வராதவர் நம் வார்டுப் பிரதிநிதி ஒருவர்தான்.

சரி, இவ்வளவு காலம் காத்திருந்து தேர்தல் வந்ததே, ஜனங்கள் சாவடிகளை முற்றுகையிட்டிருப்பார்கள் என்று வெளியூர் நேயர்கள் எண்ணலாம். 200 வார்டுகளுக்கு நடந்த அந்தத் தேர்தலில் சென்னையில் வோட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேருக்கும் குறைவு! மற்ற 56 பேர் அன்று என்ன செய்து கொண்டிருந்தார்கள்? சந்தேகமென்ன, பலர் வீட்டிலிருந்தபடியே கார்ப்பரேஷனின் சீர்கேட்டைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்திருப்பார்கள். ஆனாலும் அந்தத் தேர்தல் வீண் போகவில்லை. வார்டுகளில் பாதி ஸ்திரீகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 28 வயதுள்ள ஸ்ரீமதி பிரியா மேயரானார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் தலித் பெண்மணி அவரே.

டில்லியில் யார் பிரதம மந்திரி, கோட்டையில் யார் முதல் மந்திரி என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நம் வார்டின் நம்பர் என்ன என்று கேட்டால் வீட்டுப் பெரியவர் விட்டத்தைப் பார்க்கிறார். சுயராஜ்யம் டில்லியில் இறங்கிக் கோட்டை வரையில் வந்து விட்டது. நம் தெரு மூலைச் சாக்கடையைத் தாண்டத்தான் பலகை கேட்டுக் கொண்டு நிற்கிறது. அந்தப் பலகையைப் போட வேண்டியவர்கள் நாம்தான். 2022-ல் 'பகுதி சபை' என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. வார்டு ஜனங்கள் கூடி உட்கார்ந்து, கவுன்ஸிலரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்பதற்காகவே ஏற்பட்டது அது. அங்கே போய்க் கேட்கும் ஒரு கேள்வி, வீட்டில் உட்கார்ந்து வையும் நூறு வசவுக்குச் சமானம் என்பது நம் அபிப்பிராயம்.

ஆகையால் அடுத்த மழைக்கு முன்னால் நேயர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். ஒன்று, வார்டு நம்பரையும் கவுன்ஸிலர் பெயரையும் தெரிந்து கொள்வது. இரண்டு, தேர்தல் எப்பொழுது வந்தாலும் தவறாமல் வோட்டுப் போடுவது. இவ்விரண்டையும் செய்து விட்டால், பிறகு கார்ப்பரேஷனை வாயார, மனதார, மங்களமாக வையலாம். அந்த வசவில் ஒரு தனி ருசி இருக்கும்.