தொப்பூரோடு நின்ற பஸ்: தருமபுரிக்குக் கசந்தது ஊரடங்கா, தளர்வா?

2020 ஜூன் 1. 68 நாட்களுக்குப் பிறகு தருமபுரியில் மறுபடியும் அரசு பஸ் ஓடத் தொடங்கியது. வழக்கத்தில் பாதி பஸ்கள்தான். ஆனாலும் அதில் ஏறி கிருஷ்ணகிரி போகலாம், திருப்பத்தூர் போகலாம், 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் வேலூருக்கும் போகலாம். சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சேலத்துக்கு மட்டும் போக முடியாது.

கொரோனா ஊரடங்கு வந்து ஐந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் 'ஊரடங்கு தேவையா, இல்லையா' என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுவது வழக்கம். தருமபுரி மாதிரி ஒரு மாவட்டத்தில் அந்தக் கேள்வி அவ்வளவு உதவாது. மூடியதை இங்கே பலர் ஏற்றுக்கொண்டார்கள். எதை முதலில் திறந்தார்கள், யாரை எந்த எல்லை வரை விட்டார்கள் என்பதில்தான் கசப்பு அதிகம்.

சேலம் பஸ் ஏன் ஓடவில்லை?

பொதுப் போக்குவரத்துக்காகத் தமிழ்நாட்டை அரசு 8 மண்டலங்களாகப் பிரித்தது. மண்டலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம். மண்டலம் விட்டு மண்டலம் போக இ-பாஸ் கட்டாயம், பஸ்ஸும் கிடையாது. தருமபுரி இரண்டாவது மண்டலத்தில் வந்தது. கூடவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி. சேலம் முதல் மண்டலத்தில், கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் தொப்பூர்.

மேப்பில் பார்த்தால் இது சாதாரணமான கோடுதான். தருமபுரியில் இருப்பவருக்கு அப்படி இல்லை. 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. தருமபுரியில் ஓடும் அரசு பஸ்கள் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தவை. இங்குள்ள கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்யாண ஜவுளி, பெரிய ஆபரேஷன், வாரச் சம்பள வேலை என்று எதற்கும் முதலில் வாயில் வரும் ஊர் சேலம். பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இன்னும் அதிகம். பென்னாகரத்துக்காரர்களுக்கு மேட்டூர், அதுவும் சேலம் மாவட்டம்தான். தருமபுரியிலிருந்து தினமும் வேலூர் போய் வருபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அரசின் கணக்கிலும் நியாயம் இருந்தது. அப்போது தொற்று சென்னையைச் சுற்றித்தான் குவிந்திருந்தது. அது மற்ற பகுதிகளுக்குப் பரவாமல் தடுக்க எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே போட்டாலும் யாராவது ஒருவர் தவறான பக்கம் நிற்பார். பிரச்சினை என்னவென்றால், மாவட்டங்களை அடுக்கிப் போட்ட கோடு அது. மக்கள் எந்த ஊருக்குப் போய் வருகிறார்கள் என்பதைப் பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடும் ஒரு மாதம் தாங்கவில்லை. ஜூன் 25 முதல் பஸ் மாவட்டத்துக்குள் மட்டும் என்றானது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பஸ்ஸே இல்லை. செப்டம்பர் 1-இல் மாவட்டத்துக்குள்ளும், 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டமும் பஸ்கள் ஓடின.

இடையில் நடந்ததுதான் இ-பாஸ் கூத்து. கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை போன்ற காரணங்களுக்குத்தான் அனுமதி. ஆதாரம் ஸ்கேன் பண்ணி அப்லோட் செய்ய வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடிப் போக வேண்டும். இ-பாஸ் வாங்கித் தருகிறேன் என்று பணம் பார்த்த புரோக்கர்கள் கைதானதும் நடந்தது. மாநிலத்துக்குள் மக்கள் போய் வரத் தடை போடாதீர்கள் என்று ஆகஸ்ட் 22-ஆம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டில் மாநிலத்துக்குள்ளான இ-பாஸ் செப்டம்பர் 1-இல்தான் போனது.

தெற்கே தொப்பூர் என்றால் வடக்கே அத்திப்பள்ளி. தருமபுரியிலிருந்து பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். பெருமழை வராத, ஆறு இருந்தும் வயலுக்குத் தண்ணீர் எட்டாத இந்த மாவட்டத்தில் பெங்களூரு வேலைதான் பல வீடுகளின் அடுப்பு. அங்கே போக இரண்டு மாநிலங்களின் விதிகள். தமிழ்நாட்டுக்குள் இ-பாஸ் போன பிறகும், வெளிமாநிலத்திலிருந்து திரும்ப இ-பாஸ் கேட்டார்கள். இப்படிப்பட்ட வீட்டில் போய் 'தளர்வு வந்துவிட்டதே, சந்தோஷமா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

நோயே இல்லாத ஊரில் எதுக்கு பூட்டு?

முதல் ஊரடங்கு தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தொடங்கியது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். உலக நாடுகளின் கட்டுப்பாடுகளை 100-க்கு மதிப்பெண் போட்டு ஒப்பிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழு, அப்போதைய இந்தியாவுக்குக் கொடுத்தது முழு 100.

ஆனால் ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை தருமபுரி மாவட்டத்தில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. மே தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே பச்சை மாவட்டம் பக்கத்திலிருக்கும் கிருஷ்ணகிரி. தருமபுரி ஆரஞ்சு.

அதனால் 'நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையே, எதுக்கு இது?' என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழுந்தது. அதே வாயில் 'வெளியூர்க்காரன விடாதீங்க' என்ற பேச்சும் வந்தது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் மக்களே முள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்தார்கள். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போனபோது இந்தப் பயம் இன்னும் கூடியது. முரண்பாடாகத் தெரியலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: எங்களை வேலை செய்ய விடுங்கள், நோயை உள்ளே விடாதீர்கள். சிக்கல் என்னவென்றால் பெங்களூருவிலிருந்து திரும்பி வந்த 'வெளியூர்க்காரன்' பெரும்பாலும் அதே தெருவில் பிறந்தவன்.

விவசாய வேலைக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தது. பேப்பரில் அது பெரிய சலுகை. பாலக்கோடு தக்காளி பறிக்கலாம். வாங்க வண்டி வர வேண்டும், மார்க்கெட் திறந்திருக்க வேண்டும். பூ விவசாயி நிலைமை இன்னும் மோசம். கோயில் இல்லை, திருவிழா இல்லை, கல்யாணத்துக்குக் கூட்டம் இல்லை. சாமந்தியைச் சேர்த்து வைத்து அடுத்த மாதம் விற்க முடியுமா? ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், மசாஜ் செய்பவர், மீன் வறுத்துக் கொடுப்பவர் எல்லோருக்கும் டூரிஸ்ட் வந்தால்தான் அன்றைய சாப்பாடு. இவர்களிடம் 'உயிரா, வருமானமா' என்று கேட்பது மாதச் சம்பளக்காரர் கேட்கும் கேள்வி.

எது முதலில் திறந்தது?

தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே போதும். 2020 மே 7-ஆம் தேதி சென்னை தவிர்த்த மாவட்டங்களில் டாஸ்மாக் கடைகள் திறந்தன. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட, 16-ஆம் தேதி மறுபடி திறப்பு. டீக்கடையில் பார்சல் டீ மே 11-இல்தான். கிராமத்து சலூன் மே 19. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1. தியேட்டர் நவம்பர் 10. பள்ளிக்கூடம், அதுவும் 10, 12-ஆம் வகுப்புக்கு மட்டும், 2021 ஜனவரி 19.

டாஸ்மாக் அரசுக்கு எவ்வளவு முக்கிய வருமானம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஊரடங்கில் ஜிஎஸ்டி வரவு படுத்துவிட்ட நேரத்தில் அரசுக்கு வேறு வழி குறைவுதான். ஆனால் டீக்கடைக்காரர் இதை எப்படிப் பார்ப்பார்? கூட்டம் சேரும் என்று சொல்லி அவர் பெஞ்சை எடுத்துவிட்டு, பக்கத்தில் டாஸ்மாக் வாசலில் டோக்கன் கொடுத்து வரிசை கட்டினார்கள். 'கொரோனா டாஸ்மாக்குக்கு வராதா?' என்ற மீம் வெறும் ஜோக் இல்லை. அரசின் விதிமேல் நம்பிக்கை குறைந்த இடம் அதுதான்.

கடை மூடும் நேரம் என்பது வெறும் விதியாக இல்லை, பயமாகவும் இருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். தருமபுரியிலிருந்து ரொம்ப தூரம்தான். ஆனால் அதன் பிறகு தமிழ்நாட்டில் எந்தச் சின்னக் கடைக்காரரும் ஷட்டரை இறக்கும்போது கடிகாரத்தை வேறு மாதிரிதான் பார்த்திருப்பார்.

2021: அதே கோடு, எதிர்ப்பக்கம்

இரண்டாவது அலை வந்தபோது பேச்சு மாறிவிட்டது. 2021 மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. இந்த முறை நோய் டிவியில் இல்லை, தெருவில் இருந்தது. ஆக்சிஜன் பெட் தேடி அலைந்த குடும்பத்திடம் ஊரடங்கு தேவையா என்று கேட்க வேண்டியதில்லை. போன வருடம் 'எதுக்கு மூடினீங்க' என்றவர்களே 'ஏன் இன்னும் மூடல' என்றார்கள். அரிசி ரேஷன் கார்டுக்கு 2020-இல் கிடைத்தது 1,000 ரூபாய்; 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய். வாடகை, வட்டி எல்லாம் வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனாலும் மூடச் சொல்லும் அரசு கையில் ஏதாவது கொடுத்தால், அந்தப் பூட்டு வேறு மாதிரி தெரியும்.

பிறகு மறுபடியும் தளர்வு, மறுபடியும் தொப்பூர். தொற்று அதிகமுள்ள 11 மாவட்டங்களுக்குத் தளர்வு குறைவு. அதில் சேலம், நாமக்கல், ஈரோடு உண்டு. தருமபுரி மற்ற 27-இல் ஒன்று. ஜூன் 14-ஆம் தேதி அந்த 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது. சேலத்தில் பூட்டு, தொப்பூர் தாண்டினால் கடை. பைக் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று விளக்கத் தேவையில்லை. ஜூன் 28-இல் தருமபுரியில் பஸ் விட்டபோதும் சேலத்துக்கு வழி இல்லை. ஜூலை 5-இல்தான் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே விதி வந்தது. தொற்றுக் கணக்கின்படி இந்தப் பிரிவினை சரிதான். ஆனால் 'சரக்கு வாங்க சேலத்துக்காரன் வரலாம், ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ல போகக் கூடாதா?' என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

மக்களை யாராவது கேட்டார்களா?

ஒரு விஷயத்தில் கேட்டார்கள்: பள்ளி திறப்பு. 2020 நவம்பர் 9-ஆம் தேதி பள்ளிகளில் பெற்றோரிடம் கருத்து கேட்கப்பட்டது. கருத்துகள் பிரிந்திருந்தன, நவம்பர் 16-இல் திறப்பதாக இருந்த முடிவு தள்ளிப்போனது. 2021 ஜனவரியில் மறுபடி கேட்டபோது சுமார் 95 சதவீதப் பள்ளிகளில் பெற்றோர் சம்மதம் சொன்னதாக அரசு அறிவித்தது. இரண்டு மாதத்தில் இவ்வளவு மாற்றம் ஏன்? தொற்று குறைந்தது ஒரு காரணம். பொதுத்தேர்வு நெருங்கியது இன்னொன்று.

ஆனால் கருத்து சொல்லப் பள்ளிக்கு நேரில் வர வேண்டும். பெங்களூருவில் சித்தாள் வேலை செய்யும் அம்மா எப்படி வருவார்? சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் ஆன்லைன் கிளாஸுக்கு சிக்னல் தேடி அலைய வேண்டிய நிலை. அந்த வீடுகளுக்குத்தான் பள்ளி சீக்கிரம் திறக்க வேண்டிய அவசரம் அதிகம். குழந்தைத் திருமணம் பற்றிப் பேச்சு வந்தாலே பெயர் அடிபடும் மாவட்டம் தருமபுரி. இங்கே பள்ளி மூடியிருப்பது என்றால் 14, 15 வயதுப் பெண் வீட்டில் இருக்கிறாள், எல்லோர் கண்ணிலும் படுகிறாள் என்று அர்த்தம். மதிய உணவுக்குப் பதில் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். வகுப்பறைக்குப் பதிலாகக் கொடுக்க எதுவும் இல்லை. 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குள் போனது 2021 நவம்பர் 1-ஆம் தேதி, அதாவது 19 மாதங்களுக்கும் மேல் கழித்து.

மற்ற எதிலும் கேட்கவில்லை. கேட்பதற்கென்றே இருக்கும் கிராம சபையும் மூடப்பட்டது. 2020 மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்று கூட்டங்களும் கொரோனாவைக் காரணம் காட்டி நடக்கவில்லை. அக்டோபர் 2-இல் டாஸ்மாக் உண்டு, டீக்கடை உண்டு, மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. (காந்தி ஜெயந்தி என்பதால் அன்று ஒருநாள் டாஸ்மாக் லீவு, சரி.) திறந்தவெளியில் இடைவெளி விட்டு உட்கார்ந்து பேச மட்டும் அனுமதி இல்லை.

சட்டத்தில் ஒரு நாற்காலி

ஊரடங்கு உத்தரவுகள் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தவை. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. தலைவர் கலெக்டர். கூடவே இணைத் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். தருமபுரியில் 2019 டிசம்பரில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அதனால் அந்த நாற்காலியில் உட்காரத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மாவட்டத்தில் இருந்தார்கள்.

ஆனால் 8 மண்டலப் பட்டியல் முடிவானது சென்னையில். மாவட்டத்தில் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் எழுந்து, 'வேலூர் பஸ் இருக்கட்டும்ங்க, எங்களுக்கு சேலம் பஸ்ஸ விடுங்க' என்று சொல்லியிருப்பார்.