நோய் விற்கும் வைத்தியம்

பிரஞ்சு மொழியில் 'க்னோக்' என்று ஒரு ஹாஸ்ய நாடகம் உண்டு. ஜூல் ரொமேன் என்னும் ஆசிரியர் இயற்றியது. 1923-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பாரிஸ் நகரத்து மேடையில் அது முதன்முதல் நடிக்கப்பெற்றது. லூயி ஜூவே என்ற பேர்பெற்ற நடிகர் அதில் வைத்தியராக வேஷந் தரித்தார். வைத்திய தர்மமும் வியாபார லாபமும் ஒரே பெட்டிக்குள் வந்தால் எது எதை விழுங்கும் என்பதே நாடகத்தின் பொருள். நூறு வருஷங்களுக்கு முற்பட்ட ஒரு விளையாட்டுக் கதையைப் பற்றி இப்பத்தியில் எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். அது கதையாகவே நின்றிருந்தால் நாமும் எழுதியிருக்க மாட்டோம்.

மலைநாட்டுச் சிற்றூர் ஒன்று. அங்கே ஜனங்கள் திடகாத்திரமானவர்கள். வைத்தியரைத் தேடி வருவோர் சொற்பம். அவ்வூர் வைத்தியர் தமது தொழிலை டாக்டர் க்னோக் என்பவருக்கு விற்றுவிட்டுப் போகிறார். ஏமாந்துவிட்டோம் என்று க்னோக் கலங்கவில்லை. சந்தை கூடும் நாளில் இலவசமாய் நோய் பார்க்கப்படும் என்று ஊரெங்கும் பறையறைவிக்கிறார். பறையறைந்தவனையே பரிசோதித்து முதல் நோயாளியாக்கிப் படுக்கைக்கு அனுப்புகிறார். பள்ளிக்கூட உபாத்தியாயரைக் கொண்டு கிருமிகளைப் பற்றி உபந்யாசம் செய்விக்கிறார். மருந்துக்கடைக்காரருக்கு வருங்கால லாபத்தைக் காட்டுகிறார். குடியானவப் பெண் ஒருத்தி வருகிறாள். சிறு வயதில் ஏணியிலிருந்து விழுந்ததாக அவளுக்கே ஞாபகம் வரச் செய்து, அதனால் விளைந்த நோய்க்குச் செலவு இத்தனை கன்றுகள், இத்தனை பன்றிகள் என்று கணக்கும் சொல்லிவிடுகிறார்!

மூன்று மாதங் கழித்துப் பழைய வைத்தியர் திரும்பி வருகிறார். ஊர் ஹோட்டல் ஆஸ்பத்திரியாகிவிட்டது. குறித்த மணி அடித்ததும் இருநூற்றைம்பது ஜுரமானிகள் ஏககாலத்தில் வைக்கப்படுகின்றன. உபாத்தியாயருக்குக் கௌரவம், கடைக்காரருக்குப் பணம், நோயாளிக்குத் தனக்கும் ஒரு நோய் இருக்கிறதென்ற பெருமை; ஆகையால் குறை சொல்வார் ஒருவருமில்லை. கடைசியில் பழைய வைத்தியருக்கே தம் தேகத்தைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இனி மேடையை விட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்வோம். பர்டியூ பார்மா என்னும் மருந்துக் கம்பெனி அபின் வகையைச் சேர்ந்த ஆக்ஸிகாண்டின் என்ற வலிநிவாரண மாத்திரையை 1996-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து உடம்பில் மெதுவாகச் சேர்வதால் அதைத் தகாத வழியில் உபயோகிப்பது குறையும் என்று நம்பப்படுவதாக, சர்க்கார் அனுமதி பெற்ற விவரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. யார் நம்பினார்கள், எந்த ஆதாரத்தின் பேரில் நம்பினார்கள் என்பதை அக்குறிப்பு தெரிவிக்கவில்லை. கம்பெனியின் பிரதிநிதிகள் இதைக் கையில் ஏந்தி வைத்தியர்களின் வாயிற்படிகளை ஏறி இறங்கினர்.

அக்காலத்து வலி வைத்திய உலகில் அடிக்கடி எடுத்துக் காட்டப்பட்ட அத்தாட்சி ஒன்றுண்டு. 1980-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியாயிற்று. ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது இத்தகைய மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அதற்கு அடிமையாயினர் என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக் காவலில் சில நாள் மருந்துண்டவர் கதை வேறு. வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை விழுங்குகிறவர் கதை வேறு. எனினும், 2017-ல் அதே பத்திரிகை வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அறுநூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள் அக்கடிதத்தை எடுத்தாண்டிருந்தன. அவற்றில் நூற்றுக்கு எழுபத்திரண்டு, அடிமைத்தனம் அபூர்வம் என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்தின. க்னோக்கின் உபாத்தியாயர் ஒருவரே. இங்கே அச்சிட்ட காகிதமே உபாத்தியாயராயிற்று.

2007-ல் பர்டியூவைச் சேர்ந்த கம்பெனியும் அதன் உயர்ந்த உத்தியோகஸ்தர் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 60 கோடி டாலருக்கு மேல் அபராதம் செலுத்தப்பட்டது. சிறைக்குச் சென்றவர் எவருமில்லை, வியாபாரமும் நிற்கவில்லை. 2020-ல் பர்டியூ மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வைத்தியர்கள் நோயாளிகளின் விவரங்களைப் பதியும் கணினி ஏற்பாட்டிலேயே இவ்வகை மருந்தை நினைவூட்டும் குறிப்புகள் தோன்றும்படி, அதைத் தயாரித்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்ததும் அக்குற்றங்களில் ஒன்று. நாடகத்துப் பறையொலி தெருவில் கேட்டது. இந்தப் பறை வைத்தியரின் மேஜைமேலேயே ஒலித்தது.

இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது ஒன்று. மெக்கின்ஸி என்னும் ஆலோசனைக் கம்பெனி 2017-ல் பர்டியூவுக்கு அளித்த யோசனைகளுள், மருந்தை வாங்கி விநியோகிப்போருக்குக் கழிவு கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. எதற்குக் கழிவு? அவர்கள் விற்ற மாத்திரையால் வாடிக்கைக்காரர் ஒருவர் அளவு மீறி உண்டு அபாயத்துக்குள்ளானால், அப்படிப்பட்ட 'சம்பவம்' ஒவ்வொன்றுக்கும் கழிவு! ஒரு மதிப்பீட்டில் சம்பவம் ஒன்றுக்கு 14,810 டாலர் என்று விலையும் போடப்பட்டிருந்தது. கோர்ட்டுத் தஸ்தாவேஜுகளின் வாயிலாக 2020-ல் இது அம்பலமாயிற்று. ஆலோசனைக் கம்பெனி மன்னிப்புக் கோரிற்று. க்னோக் நோய்க்குக் கன்று விலை பேசினார். சாவுக்குக் கழிவு பேசவில்லை. ரொமேன் இப்படியொரு காட்சியை எழுதியிருந்தால், ஹாஸ்யம் எல்லை மீறிவிட்டதென்று விமரிசகர்கள் அதை வெட்டச் சொல்லியிருப்பார்கள்.

1999 முதல் 2023 வரை அமெரிக்காவில் அபின் வகைப் பொருள்களை அளவு மீறி உட்கொண்டு மாண்டோர் எட்டு லட்சத்துக்கு மேல். அத்தனை பேரையும் ஒரு கம்பெனியின் தலையில் சுமத்துவது நியாயமன்று; கள்ளச் சந்தையில் வரும் ஹெராயினும் பென்டனிலும் பெரும் பகுதியினரைக் கொன்றன. மருந்தின் மீதும் நமக்குப் பகையில்லை. புற்றுநோயால் துடிப்பவருக்கு மார்பின் கிடைக்காமல் தவிக்கும் தேசம் நம்முடையது. அதை எளிதாக்கவே 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. வலிக்கு மருந்து வேண்டும். மருந்துக்காக வலியைத் தேடித் திரிவதைத்தான் கண்டிக்கிறோம்.

நாடகத்துக்கும் நடப்புக்கும் உள்ள முக்கிய வித்தியாசத்தை வக்கீல் தொழிலில் பழகிய நாம் எளிதில் காண்கிறோம். க்னோக்குக்கு ஒரு முகம் இருந்தது. பிடிக்க வேண்டுமானால் பிடிக்கலாம். கம்பெனியில் யாரைப் பிடிப்பது? பிரதிநிதி மேலிடத்து உத்தரவைக் காட்டுகிறார். வைத்தியர் பத்திரிகையைக் காட்டுகிறார். ஆலோசகர் யோசனை சொன்னதோடு தம் வேலை தீர்ந்ததென்கிறார். 2007-க்குப் பிந்திய பத்து வருஷங்களில் உரிமையாளரான ஸாக்லர் குடும்பத்தினர் கம்பெனியிலிருந்து சுமார் 1,100 கோடி டாலர் எடுத்துக்கொண்டனர். பின்னர் கம்பெனி திவாலாயிற்று. தாங்கள் திவாலாகாமலே, வழக்குகளிலிருந்து தங்களுக்கும் விடுதலை வேண்டுமென்று குடும்பத்தினர் கோரினர். 2024 ஜூனில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு நால்வர் என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில், அத்திட்டத்தை நிராகரித்தது. ஒரு வாக்கில் தப்பியது நியாயம்!

அமெரிக்காவின் சங்கதி நமக்கேன் என்று இருந்துவிடலாகாது. சென்னையைச் சேர்ந்த மருந்துக் கம்பெனி ஒன்று, வைத்தியர்களுக்குத் தங்க நாணயம், டெலிவிஷன், குளிர்பதனப் பெட்டி முதலியவற்றை வழங்கிய வகையில் சுமார் 4.72 கோடி ரூபாய் செலவென்று காட்டி, அதற்கு வருமான வரி விலக்குக் கேட்டது. பரிசு வாங்கலாகாதென்ற 2009-ம் வருஷத்து விதி வைத்தியரைத்தான் கட்டும், கொடுக்கிற கம்பெனியைக் கட்டாது என்பது அதன் வாதம். வாங்குவது குற்றம், கொடுப்பது தர்மம் என்ற இவ்வாதத்தைக் கேட்டால் க்னோக்கே கைதட்டியிருப்பார். 2022 பிப்ரவரி 22-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிற்று. இத்தகைய பரிசுகளின் செலவு மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையிலேயே விடிகிறதென்பதையும் எடுத்துக் காட்டிற்று.

அதன் பின்பு 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் மருந்து விற்பனை ஒழுங்கு விதிகளை வெளியிட்டது. பரிசும் உல்லாசப் பயணமும் கூடாதென்று அவ்விதிகள் கூறுகின்றன. நன்று. ஆனால் புகாரை விசாரிப்பது யார்? கம்பெனிகளே சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் கமிட்டி! பூனையின் மேல் வரும் பிராதைப் பூனைகளின் பஞ்சாயத்தே விசாரிக்கும் என்பது இதன் தாத்பரியம்.

நாம் வேண்டுவது இரண்டு. எந்தக் கம்பெனி எந்த வைத்தியருக்கு என்ன கொடுத்தது என்பதைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி வருஷந்தோறும் பிரசுரிக்க வேண்டும். அமெரிக்காவிலேயே 2010-ல் இதற்குச் சட்டம் இயற்றிவிட்டார்கள். இரண்டாவது, குற்றம் ருஜுவானால் அபராதத்தைக் கம்பெனியின் கணக்கில் எழுதி மூடிவிடாமல், உத்தரவிட்ட டைரக்டர் எவரோ அவரைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அபராதம் வியாபாரச் செலவுகளில் ஒன்றாகிவிட்டால், அதுவும் நாளடைவில் மாத்திரையின் விலையில்தான் ஏறும்.

யோக்கியமான வைத்தியர்கள் நமது நாட்டில் ஏராளம். இவ்விரண்டு சட்டங்களாலும் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர்கள் பெயருக்குப் பாதுகாப்பே உண்டாகும். தேசத் தொண்டர்கள் தங்கள் தொகுதிப் பிரதிநிதி அடுத்த முறை ஊருக்கு வரும்போது மாலையோடு இக்கேள்வியையும் கொண்டுபோக வேண்டும்: எங்கள் மருந்துச் சீட்டை எழுதுவது வைத்தியரா, கம்பெனியா? அதற்கு அவர் சட்டசபையில் எழுந்து பதில் சொல்லட்டும்.