குரோமியக் குன்றுக்கு வெட்டிவேர் போதாது

ராணிப்பேட்டையில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. ஆண்டுக்கணக்கில் மழை அதன்மேல் பெய்து, மஞ்சள் நீராக நிலத்தடிக்குள் இறங்கியது. 2006இல் பிளாக்ஸ்மித் என்ற சுற்றுச்சூழல் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. இத்தகைய நிலங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வெட்டிவேர் நடலாம், சூரியகாந்தி போடலாம், நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும் என்ற யோசனையும் வந்துவிடுகிறது. செலவு குறைவு, பசுமையாகவும் இருக்கும், யாரையும் பகைக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

எண்ணெய்க் கசிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடலாம். குரோமியம் ஒரு தனிமம். அதைச் சிதைத்து இல்லாமலாக்க எந்த உயிராலும் முடியாது. வடிவத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், அவ்வளவுதான். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் சல்பேட்டைப் போன்ற அமைப்புடையது என்பதால், சல்பேட் நுழையும் வழியிலேயே செல்லுக்குள் புகுந்து மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. இதன் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாவதும் நுரையீரல் புற்றுநோய் வருவதும் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தவை. மூன்று இணைதிறன் வடிவம் அவ்வளவு கொடியதல்ல, நீரில் எளிதில் கரைவதுமில்லை. சில பாக்டீரியாக்கள் முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றுகின்றன. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை நிலத்தடியில் செலுத்தி அவற்றுக்குத் தீனி போடும் முறையும் உண்டு. நல்ல முறைதான். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடு அந்த மாற்றத்தைத் திருப்பிவிடக்கூடும் என்பதால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை.

செடிகளின் கணக்கு இன்னும் கடினமானது. ஒரு ஹெக்டேரின் மேல் இருபது சென்டிமீட்டர் மண் சுமார் 2,600 டன் எடையிருக்கும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்தால் மொத்தம் 1,300 கிலோ. ஆண்டுக்குப் பத்து டன் உலர்ந்த தழை விளைந்து, அதில் கிலோவுக்கு ஒரு கிராம் சேருவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், வெளியே வருவது பத்து கிலோ. 130 ஆண்டுகள் அறுவடை செய்ய வேண்டும்! அதுவும் பெரும்பாலான செடிகள் குரோமியத்தை வேரிலேயே நிறுத்திவிடுகின்றன, தழைக்கு அனுப்புவதில்லை. ஆர்சனிக்கை அள்ளிச் சேர்க்கும் பெரணி ஒன்று 2001இல் அறியப்பட்டது. அந்த வெற்றியை எல்லா உலோகத்துக்கும் பொருத்திவிட முடியாது. இது மண்ணின் கணக்கு. கழிவுக் குன்றின் கார நஞ்சில் செடி வேர்பிடிப்பதே சிரமம்.

அப்படியானால் குன்றையே தோண்டி அகற்றலாமே என்றால், நஞ்சு இன்னொரு ஊரின் வாசலுக்குப் போகும் என்பார்கள். நியாயமான அச்சம். அதற்காகவே வேதிமுறையில் நஞ்சை முறித்து, அடிப்பகுதி கசியாத அமைப்பில் அங்கேயே பூட்டிவைக்கும் வழி இருக்கிறது. மூடிய கம்பெனியிடம் யார் வசூலிப்பது என்ற கேள்விக்கு, பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தராவிட்டால் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். வசூலாகும்வரை காத்திராமல் அரசு முதலில் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் நிலத்தடி நீர் வழக்கு முடியும்வரை நிற்காது.

வெட்டிவேரை வேண்டாம் என்று சொல்லவில்லை. குன்றைப் பூட்டிவைத்த பின் சுற்றிலும் லேசாக நஞ்சேறிய நிலத்தில் மண்ணரிப்பைத் தடுக்கவும், தூசி பறக்காமல் பிடித்துவைக்கவும் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அங்கே வளர்ந்த தழையை மாடு மேயக் கூடாது, அடுப்பில் எரிக்கக் கூடாது, வேரை எடுத்துத் தைலம் காய்ச்சக் கூடாது. அறுத்ததை அபாயக் கழிவாக எடைபோட்டுக் கணக்கில் வைக்கும் செலவையும் சேர்த்த பிறகே நடவுத் திட்டம் மலிவா என்று பார்க்க வேண்டும்.