பல்லைப் பிடுங்கச் சொல்வதற்கு முன்னால்...

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கை போன் செய்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் நாலு நாளாக வலி. டாக்டர் பார்த்துவிட்டு, ரூட் கெனால் செய்யலாம், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றிருக்கிறார். "அண்ணே, ஒரே நாள்ல முடியற வைத்தியம் உருப்படியா இருக்குமா? பேசாம பிடுங்கிடறேன். அறுபத்து மூணு வயசுக்கு மேல பல்லு எதுக்கு?" என்றாள். கூடவே, ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் அனுப்பியிருந்தாள். நம் குடும்பக் குழுவில் அது ஏற்கெனவே மூன்று முறை சுற்றிவிட்டது.

அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முன் என் வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும்.

1996இல் எனக்கு இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் இதே சிகிச்சை தொடங்கியது. அப்போதெல்லாம் மூன்று நான்கு முறை வரச் சொல்வார்கள். முதல் நாள் பல்லைத் திறந்து, உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். மறுநாளே வலி போய்விட்டது. அடுத்த வாரம் விடைத்தாள் திருத்தும் பணி, அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணம். வலிதான் இல்லையே என்று நான் திரும்பிப் போகவேயில்லை. ஐந்து மாதம் கழித்து முறுக்கு கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்ந்தது, மேல் பல் கீழே இறங்கியது. இன்றுவரை ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறேன். வகுப்பில் பல்லின் படம் வரைந்து பாகம் குறித்த அறிவியல் வாத்தியாரின் லட்சணம் இது!

இந்தச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது? பல்லின் நடுவே பற்கூழ் என்று ஒரு மென்மையான பகுதி உண்டு. நரம்பும் ரத்தக்குழாயும் அதில்தான். சொத்தை அதுவரை போனால் கிருமி புகுந்து அழுகிவிடும். நரம்பு செத்தால் வலி நிற்கும். நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மாத்திரை மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியவர்களுக்கு வலி அடங்கி அடங்கித் திரும்ப வருகிறது.

1965இல் அமெரிக்காவில் காகேஹாஷி என்பவரும் அவர் குழுவினரும் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள், சாதாரண எலிகள் என இரண்டு வகையிலும் பற்கூழ் தெரியும்படி பல்லைத் துளைத்தார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகியது. கிருமியில்லாத எலிகளுக்கோ காயம் தானே ஆறியது. ஆக, எதிரி கிருமிதான். அதை வெளியேற்றுவதும், மறுபடி உள்ளே வராமல் அடைப்பதும்தான் மொத்தச் சிகிச்சையும். வேர்க்குழாய்களை மெல்லிய அரங்களால் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்கள். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடருக்கு அது பங்காளி. பிறகு கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பொருளால் அடைக்கிறார்கள்.

இனி தங்கையின் கேள்வி. இதையெல்லாம் ஒரே அமர்வில் முடித்தால் பலன் குறையுமா?

குறையாது என்பதே என் பதில். காக்ரேன் என்ற அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும். ஒரே அமர்வையும் பல அமர்வுகளையும் ஒப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அவர்கள் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். பல் நிலைப்பதிலும், எக்ஸ்ரேயில் தெரியும் குணத்திலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. ஒரே அமர்வில் செய்தவர்களுக்கு முதல் வாரத்தில் வலி சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

இதைவிட எளிமையான வழியும் வந்திருக்கிறது. கூழ் முழுவதும் சாகாத பல்லில், மேல்பகுதிக் கூழை மட்டும் நீக்கி, வேரில் உள்ளதை உயிரோடு விட்டு, சிமெண்ட் போன்ற மருந்தால் மூடுவது. இரானில் நானூறு பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டு கழித்து இதன் பலனும் முழு ரூட் கெனாலின் பலனும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஆனால் செத்துச் சீழ் பிடித்த பல்லுக்கு இது ஆகாது.

நான் எளிய சிகிச்சையின் பக்கம் நிற்பதற்கு ஆய்வுகள் மட்டும் காரணம் அல்ல. மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் கூலி போகும், மூன்று முறை பஸ் ஏற வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு உள்ள வாத்தியாரே பாதியில் நின்றுவிட்டேன். சித்தாள் வேலைக்குப் போகிற பெண் எப்படித் திரும்பி வருவாள்? பாதியில் நிற்கிற உயர்ந்த வைத்தியத்தைவிட, முடிகிற எளிய வைத்தியம் மேல்.

அதே சமயம், எதை எளிமையாக்குகிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். அமர்வுகளைக் குறைக்கலாம், சுத்தத்தைக் குறைக்கக்கூடாது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய்தான். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, பல நேரம் கண்ணில் எளிதில் படாத நாலாவதும் உண்டு. அவசரத்தில் ஒன்றை விட்டால் அங்கேயே கிருமி குடியிருக்கும். முகம் வீங்கி, சீழ் வடிந்துகொண்டே இருக்கும் பல்லுக்கு டாக்டர் இரண்டு அமர்வு கேட்டால் அது நியாயம். "அரை மணியில் முடித்துத் தருகிறோம்" என்ற பலகையைப் பார்த்து மயங்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுவீர்களா? முடித்ததும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவீர்களா? மேலே கேப் எப்போது?

அந்த மூன்றாவது கேள்வியில்தான் நான் மறுபடி மாட்டினேன். போன ஆண்டு வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு என் மாணவி ஒருத்தியே ஒரே அமர்வில் சிகிச்சை செய்தாள். எழுபது நிமிடம். இரண்டு நாள் லேசான வலி, பிறகு ஒன்றுமில்லை. கேப் போட வரச் சொன்ன தேதியைத் தள்ளிப்போட்டேன். போனிலேயே பிடித்துக்கொண்டாள்: "சார், முக்கால் பரீட்சை எழுதிட்டுப் பேப்பரைக் கொடுத்துட்டுப் போறவங்களை நீங்க என்ன பண்ணுவீங்க?" மறுநாளே போய் உட்கார்ந்தேன். மேலடைப்பு ஒழுகினால் உள்ளே செய்த வேலை வீண். கடைவாய்ப் பல் என்றால் பிளந்துபோகவும் கூடும்.

அந்தப் புற்றுநோய்ச் செய்தி நூறு வருஷப் பழசு. வேர் சிகிச்சை செய்த பல்லால் உடம்பெல்லாம் நோய் வரும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்டன் பிரைஸ் போன்றவர்கள் நம்பினார்கள். அதை நம்பி எத்தனையோ பேரின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பின்னால் வந்த முறையான ஆய்வுகளில் அந்தக் கருத்து நிற்கவில்லை. அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாரும் பகிராதீர்கள். அதைப் படித்துத்தான் என் தங்கை ஒரு நல்ல பல்லை இழக்க இருந்தாள்.

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. தனியாரில் முடியாதவர்கள் சென்னை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை விசாரியுங்கள். பிடுங்குவது மலிவு என்று நினைப்பவர்கள், பிறகு கட்டும் பல்லின் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை தங்கைக்கு அப்பாயின்ட்மென்ட். கூடவே நானும் போகிறேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்கு என்னைத் திட்டவாவது பல் வேண்டும்!

உங்களில் யாராவது தற்காலிக அடைப்போடு "வலிதான் இல்லையே" என்று திரிந்தால், இந்த வாரமே போய் முடித்துவிடுங்கள். முடித்தவர்கள் கீழே "முடித்துவிட்டேன் சார்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்